சூர் வரைக்கும் நான் இருந்த முன்சீற்

தம்பி,

இதைக் காருக்குள் இருந்து வாசிக்காதே. வேலை முடிந்து வந்து, காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் அதற்குள்ளேயே இருந்து ஃபோனைப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு. பிறம்ரனில் உன் அறைக்குப் போய், கைகால் கழுவி, மேசையில் வைத்து வாசி. நாங்கள் மூன்று பேரும் ஓமானுக்குப் போய்வந்தது பங்குனியில். இப்போது ஆடி. இவ்வளவு நாளில் நீ என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாய்: "ஏனம்மா அப்பிடிச் செய்தனீங்கள்?" நான் "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லிவிட்டு, சோறு போடட்டா என்று கேட்டேன். நீ சாப்பிடாமல் போனாய். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். அதை எந்த வசனத்தில் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

அந்தப் பயணம் உன்னுடையதும் ஆரணியுடையதும். றோட்டுப் போடுவதற்கு முன் மண்ணையும் கல்லையும் சோதிக்கிறது அவளுடைய வேலை. ஓமானில் ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம் மலையாக எழும்பி நிற்கிறதாம், அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவளுக்குப் படிக்கிற காலத்து ஆசை. தையில் உங்களுக்கு எழுத்து முடிந்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு எழுத்து வேறு, தாலி வேறு. பதிவுகாரருக்கு முன்னால் கையெழுத்து வைத்தால் சட்டத்துக்கு நீங்கள் புருஷன் பெண்சாதி. சனத்துக்கு, தாலி ஏறும்வரை இன்னும் இல்லை. கலியாணம் ஆவணியில். நடுவில் நீங்கள் இருவரும் தனியே ஒரு வாரம் ஹொட்டேல்களில் தங்கப் போகிறீர்கள் என்றதும் எனக்கு நித்திரை போய்விட்டது.

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"அம்மா, சட்டப்படி அவ என்ர வைஃப்."

"சட்டம் ஆவணிக்குப் பிறகு வரட்டும்."

நீ கோபத்தில் எழும்பிப் போனாய். அப்போது எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆரணிதான் சொன்னாள், "மாமியும் வரட்டுமே. மாமிக்கும் ஒரு வெக்கேஷன்தானே." எழுத்து முடிந்த நாளிலிருந்து அவள் என்னை அன்ரி என்று கூப்பிடுவதை விட்டு மாமி என்று கூப்பிட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவள். நான் அதை மறந்துபோனவள் மாதிரி நடந்தேன், மறக்கவில்லை.

மஸ்கட் விமான நிலையத்தில் நீ வாடகைக்கு எடுத்த வெள்ளை ஜீப் நின்றது. நீ பின்னால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாய். ஆரணியின் கை முன்கதவில் இருந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. நீ பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "ஆரணி, அம்மாவுக்குப் பின்னுக்கு இருந்தா தலை சுத்தும்" என்றாய். அவள் கையை எடுத்தாள். உன்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ திரும்பிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றாய். "ஓகே, நான் பின்னுக்கு இருக்கிறன் மாமி" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அவள் சொல்ல வந்து சொல்லாமல் விட்டதை நான் கண்டேன். கண்டும், ஏறிப் பெல்ற்றைப் போட்டேன்.

முன்சீற்றில் எனக்கு ராணி மாதிரி. கனடாவுக்கு வந்து ஃபக்டறியில் பெட்டி அடுக்கும்போது பெட்டிகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் பிடித்தவள் நான். ஓமானுக்குப் போகமுதல் ரீவியில் பார்த்துப் பார்த்து அரபு இலக்கங்களையும் பிடித்துவிட்டேன். முன்னால் போகிற லொறிகளின் நம்பரை எல்லாம் வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ "ஓமம்மா, ஓமம்மா" என்றாய். ஆனால் உன் கண் நடுக்கண்ணாடியில் இருந்தது. றோட்டைக் காட்டவேண்டிய அந்தக் கண்ணாடியை நீ சரித்து வைத்திருந்தாய், அதில் ஆரணியின் முகம் தெரிந்தது. நீங்கள் இருவரும் கண்ணாடிக்குள்ளேயே சிரித்துக்கொண்டீர்கள். "கண்ணாடியை றோட்டுக்குத் திருப்பு" என்றேன், ஏதோ காலம் முழுக்கக் கார் ஓடினவள் மாதிரி. நீ திருப்பினாய். ஆரணி பேசாமல் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

அடுத்த நாள் நிஸ்வாச் சந்தையில் அவள் கொஞ்சம் தேசிக்காய் வாங்கினாள். புளிக்கு ஆசைப்படுகிறாள் என்று நான் அதைக் கவனித்து வைத்தேன். அன்றைக்குத்தான் ஜபல் அக்தார் மலைக்கு ஏறினோம். அடிவாரத்தில் பொலிஸ்காரர் காரைப் பார்த்து, நாலு சில்லும் இழுக்கிற வண்டிதான் என்று உறுதி செய்த பிறகே விட்டார்கள். அந்த றோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், நல்ல தார் றோட்டு, ஆனால் நிமிர்ந்துகொண்டே போகும், வளைவுக்கு மேல் வளைவு. பிரேக் போன வாகனங்கள் ஏறி நிற்பதற்கென்று பக்கத்தில் கல்லும் மண்ணும் கொட்டிய மேடுகள். ஆரணி பின்னாலிருந்து, "மாமி, இந்தக் கல்லெல்லாம் ஒருகாலம் கடலுக்குள்ள இருந்தது" என்றாள்.

"ஆர் பிள்ளை பார்த்தது?" என்றேன்.

அவள் சிரித்தாள். அதுதான் அன்றைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது. இரண்டாவது வளைவுக்குள் தேசிக்காயைக் கீறி மூக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு "நிப்பாட்டுங்கோ" என்றாள். நீ ஓரம் கட்டமுதல் கதவைத் திறந்துவிட்டாள். மேலே போய்ச் சேருவதற்குள் மூன்று தரம் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். மேலே ரோசாப்பூத் தோட்டங்கள் படி படியாக இறங்கிப் போயின, ஊரெல்லாம் மணம். அவள் வந்ததே அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க. ஒரு கல்லில் தலையைக் குனிந்தபடி இருந்தாள், நீ போத்தல் தண்ணியோடு பக்கத்தில் நின்றாய். நான் காரை விட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்சீற்றில் இருந்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றவள், தேசிக்காய் மணக்கிறவள், சத்தி எடுக்கிறவள். மூன்றையும் கூட்டி ஒரு விடையை எடுத்தேன். இறங்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அதையும் கூட்டிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் நிஸ்வா ஹொட்டேலில் அவள் படுத்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. நான் பல்கனிக்கு வந்து அஜக்ஸில் இருக்கும் உன் சின்னம்மாவுக்கு எடுத்தேன். அங்கே காலை, தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டி கிலுங்கிற சத்தம் கேட்டது.

"என்னக்கா, ஊர் எப்பிடி? பேரீச்சம்பழம் வாங்கினனீங்களா?"

"ஊர் நல்ல ஊர். மருமகள்தான் மூண்டு தரம் சத்தி."

"ஐயோ, என்னத்தைச் சாப்பிட்டவள்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை. தேசிக்காயை மணந்துகொண்டு கிடக்கிறாள். உனக்கு விளங்குதுதானே."

கரண்டிச் சத்தம் நின்றது. "என்னக்கா சொல்லுறியள்? இன்னும் தாலி ஏறேல்லையே."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்றேன்.

தம்பி, இந்த நாலு மாதமும் நான் இதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை; சின்னம்மா தானாக விளங்கிக்கொண்டாள் என்று. என் தங்கச்சிக்கு எது விளங்கும், விளங்கினதை எத்தனை பேருக்கு விளங்கப்படுத்துவாள் என்பது, அவள் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். சனம் கதைக்கக்கூடாது என்று உங்களோடு வந்தவள் நான். நான் வராமல் விட்டிருந்தால் சனத்துக்குக் கதைக்க ஒன்றுமே இருந்திராது.

மறுநாள் மலையை விட்டுப் பாலைவனக் கரையால் ஓடிக் கடலுக்கு வந்தோம். சூர் என்ற அந்தப் பட்டினத்தில், மரக்கப்பல் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கடையில் பொரித்த மீன் சாப்பிட இருந்தோம். நேர் றோட்டு என்றபடியால் ஆரணிக்கு முகம் தெளிந்திருந்தது. பசி வந்து, மீனை முள் எடுத்து எனக்கும் வைத்தாள். பின்னேர வெயிலில் கடல் பச்சையாகக் கிடந்தது. அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. அவளுடைய அம்மா, டோர்செட் பார்க்கிலிருந்து.

அவள் "ஓம் அம்மா" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆர் சொன்னது? இல்லை, நீங்கள் முதல்ல ஆர் சொன்னது எண்டு சொல்லுங்கோ" என்றாள். ஒரு பெயரைக் கேட்டிருப்பாள். என்னைப் பார்த்தாள். ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். சத்தம் போடவில்லை.

"அன்ரி, நீங்கள் என்னட்டக் கேட்டிருக்கலாம்."

மாமி என்று சொல்லவில்லை. பிறகு உன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு விளங்காது என்று நினைத்துச் சொல்லவில்லை. அழுகை வந்தால் அவளுக்கு ஆங்கிலம்தான் வரும். சின்ன வயதிலிருந்தே பின்சீற்றில் இருந்தால் சத்தி வரும் என்றாள். ஏன் முதலே சொல்லவில்லை என்று நீ கேட்டாய். "உங்கட அம்மாவுக்கும் அப்பிடித்தானே. அவ வயசில மூத்தவ" என்றாள்.

நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நீ பில்லைக் கொடுத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, நீங்கள் பின்னுக்கு இருங்கோ" என்றாய். இருந்தேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், சூரிலிருந்து மஸ்கட் வரைக்கும் அவள் உனக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு சொப்பிங் பையை வாயகல விரித்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை யன்னலில் சாய்த்தபடி வந்தேன். அவ்வளவு நடந்த பிறகும் நீ கண்ணாடியில் பார்த்து, "அம்மா, ஏலாட்டிச் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்" என்றாய்.

எனக்கு ஏலும், தம்பி. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எந்தக் காலத்திலும் செய்ததில்லை. பின்சீற்றில் இருந்தால் எனக்குத் தலை சுற்றும் என்பது பொய். அந்தப் பை நடிப்பு.

இந்தப் பொய் எங்கே பிறந்தது என்று சொல்கிறேன், நியாயம் என்று நினைக்காதே. உன் அப்பா கார் ஓடிய காலத்தில் உன் பெரியப்பா வீட்டுக்கு வந்து போகிறவர். அவர் வந்தால் முன்சீற் அவருக்கு. வராத நாளில் அதில் அரிசி மூட்டை இருக்கும். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். அதுதான் முறை என்று இருந்தேன். அப்பா செத்த பிறகு கார் போய்விட்டது, பஸ்தான். நீ லைசன்ஸ் எடுத்து அந்தப் பழைய சாம்பல் நிறக் காரை வாங்கி வந்த அன்று என்னை முன்னால் ஏற்றினாய். றோட்டை முதன்முதலாக முன்னாலிருந்து பார்த்தேன். ஒருவருடைய பிடரியும் மறைக்காமல் முழு றோட்டும் தெரிந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு உன்னோடு படித்த ஒரு பொடியன் வந்து, பழக்கதோஷத்தில் முன்கதவைத் திறந்தான். என் வாயில் வந்தது, "எனக்குப் பின்னுக்கு இருந்தாத் தலை சுத்தும் தம்பி." அவன் பாவம், ஓடிப்போய்ப் பின்னால் ஏறினான். அன்றிலிருந்து நீ அதை நம்பினாய். நீ எல்லாருக்கும் சொன்னாய். நான் திரும்பச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் கடைசிச் சீற்றில், பின்பக்கம் பார்த்தபடி கூடப் போய் வந்தவள். அதை நீ யோசித்துப் பார்க்கவில்லை. உன்னிலும் பிழை இருக்கிறது என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் எழுதட்டும்; அவள் கதவிலிருந்து கையை எடுத்தபோது நீயும் பெட்டியைத்தான் பார்த்தாய்.

நோய் இல்லாத நான் நோய் என்று சொன்னேன். நோய் உள்ளவள் எனக்காக வாய் திறக்கவில்லை. அந்த இடத்தைப் பிடித்ததால் அவளுக்கு வந்த சத்தியை வைத்தே அவளுடைய பெயரைக் கெடுத்தேன்.

கதை தானாகச் செத்துவிடும் என்று நினைத்தேன். வயிறு பொய் சொல்லாது, மாதம் போகப் போகச் சனத்துக்கே தெரியும் என்று. நீயும் அப்படித்தான் ஆரணிக்குச் சொன்னாயாம். சித்திரை போய் வைகாசியும் போயிற்று. வயிறு வரவில்லை. சனம் என்ன சொன்னது தெரியும்தானே: "கலைச்சுப் போட்டினம்." அவளைப் பெற்ற தாயே, முப்பது வயது தாண்டிய பிள்ளையை, மருந்துக்கடையில் பரிசோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்துக் குளியலறைக்குள் அனுப்பி, வெளியே காத்து நின்றாளாம். இதை எனக்குச் சொன்னவன் நீ. அதற்குப் பிறகுதான் ஆரணி, கலியாணத்தைப் பற்றி யோசிக்க நேரம் வேண்டும் என்று சொன்னாள். கலியாண ஹோல் ஆவணிக்குப் பிடித்தபடி இருக்கிறது, அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்காமல் இருக்கிறது. நீ மெலிந்துபோனாய். நான் கோயிலில் விளக்கு ஏற்றினேன். விளக்குக்கு இதில் என்ன வேலை? கதையைத் தொடங்கினவள் வாயால் முடித்தாலொழிய அது முடியாது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டும் ஆடி வரைக்கும் இருந்தேன்.

போன ஞாயிறு சின்னம்மா வீட்டில் பேரனுடைய பிறந்தநாள். நீ வரமாட்டேன் என்றுவிட்டாய். சின்னம்மாவும் மகனும் என்னை ஏற்ற வந்தார்கள். சின்னம்மா முன்னால் இருந்தவள் என்னைக் கண்டதும் இறங்கி, "வாங்கோ அக்கா, இதில இருங்கோ" என்று கதவைப் பிடித்தாள். நான் பின்கதவைத் திறந்து, பிள்ளைகளின் சீற்றுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தேன்.

"அக்கா, உங்களுக்குப் பின்னுக்குத் தலை சுத்துமெல்லோ."

"சுத்தாது."

"எப்ப மாறினது?"

"வந்தாத்தானே மாற. ஒருநாளும் சுத்தினதில்லை. முன்னுக்கு இருக்கிறதுக்காகச் சொன்னது."

சின்னம்மா முதலில் சிரித்தாள். "உங்கட கள்ளம் உங்களோட" என்றாள். 401 பெருந்தெருவில் ஏறிய பிறகு நான் மெதுவாகச் சொன்னேன். "ஆரணிக்குத்தான் பின்னுக்கு இருக்க ஏலாது. நான் அவளின்ர இடத்தைப் பிடிச்சுக்கொண்டு அவளை மலையில ஏத்தினன். அவள் சத்தி எடுத்தவள். நான் உனக்கு ஃபோன் எடுத்தனான்." அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மகன் ரேடியோவைக் குறைத்தான். பிக்கறிங்கைத் தாண்டினோம். பிறகு அவள் திரும்பாமல், "அப்ப நான் சொன்ன ஆக்களுக்கு இனி என்னெண்டு சொல்லுறது அக்கா?" என்றாள்.

"நீ சொல்லவேண்டாம். வாற ஆக்களுக்கு நானே சொல்லுறன்."

சொன்னேன். கேக் வெட்டி முடிந்து, பெண்கள் எல்லோரும் குசினிக்குள் நின்ற நேரத்தில் சொன்னேன். முன்சீற்றில் இருந்து தொடங்கி, பல்கனி வரைக்கும். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுத்தான் சொன்னேன். ஒருத்தி, "விடுங்கோ அக்கா, ஆர் இப்ப அதைக் கதைக்கினம்" என்றாள். "நீர் கதைச்சனீர்" என்றேன். ஒருத்தி அழுதாள், ஏன் என்று தெரியவில்லை. எல்லோரும் நம்பினார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் மருமகளைக் காப்பாற்ற மாமி பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். இத்தனை காலம் சொன்ன பொய்யை நம்பின சனம், உண்மையைச் சொன்னால் சந்தேகப்படுகிறது. அது எனக்குரிய தண்டனை. அவளுக்குரியதல்ல.

உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு புத்திமதிதான் இருக்கிறது. அவள் பேசாமல் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்காதே. எங்கள் வீட்டில் சத்தம் போட்டவள் நான், அதனால் எனக்கு எல்லாம் கிடைத்தது. சத்தம் போடாதவர்களிடம் நீ போய்க் கேட்கவேண்டும். அவள் கையை எடுத்தால், ஏன் எடுத்தாய் என்று கேள்.

இந்தக் கடிதத்தைப் படமெடுத்து, ஃபோனில் இருக்கிற எங்கள் குடும்பத்துக் குழுவில் போட எனக்கு விருப்பம். கதை போன இடமெல்லாம் இதுவும் போகட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் இதில் இருப்பது அவளுடைய பெயர். திரும்ப ஒரு தடவை அவளைக் கேளாமல் அவளைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. அவள் ஓம் என்றால் போடுகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடு. ஆவணியில் கலியாணம் நடந்தால் நான் மற்றச் சனத்தோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நடக்காவிட்டால், அது ஏன் என்று கேட்கிற எல்லோருக்கும் நானே பதில் சொல்கிறேன். அவளோ நீயோ சொல்லத் தேவையில்லை.

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பெட்டிகளில் இருந்து பிடித்த ஆங்கிலம், அதில் இதை எழுத ஏலாது. ஆகையால் நீதான் வாசித்து மொழிபெயர்க்கவேண்டும். ஒரு விஷயம். நீ ஏழு வயதில் டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் எனக்காக மொழிபெயர்த்தவன். நான் கோபத்தில் சொன்னதை நீ பாதியாக்கி, அவர்கள் என்னைப் பற்றி நல்லபடி நினைக்கும்படி சொல்லுவாய். எனக்கு ஆங்கிலம் விளங்கத் தொடங்கிய பிறகுதான் அது தெரியவந்தது. உன்னிடம் நான் கேட்கவில்லை, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

இந்தத் தடவை அப்படிச் செய்யாதே. சொப்பிங் பையையும் விடாமல் சொல்லு.

அம்மா